பூனை இருக்கும் வீட்டில் மூட்டைப்பூச்சி: அறிகுறியைப் பார்த்து வழி தேடுங்கள்

மலேசியாவின் பினாங்கில், ஆயர் ஈத்தாமில் எங்கள் பிளாட்டில் மூட்டைப்பூச்சி வந்தபோது முதல் பழி எங்கள் இரண்டு பூனைகள் மேல்தான் விழுந்தது. "இதுங்க உடம்புலேர்ந்துதான் வருது, கொண்டு போய் எங்கேயாவது விட்டுட்டு வாம்மா" என்றார் மாமியார். பட்டர்வொர்த்தில் இருக்கும் நாத்தனார் வீட்டில் நான்கு நாள் விட்டு வைத்தேன். நான்கு நாளும் கடி நிற்கவில்லை. ஐந்தாம் நாள் கட்டிலின் தலைமாட்டுப் பலகையைக் கழற்றினோம். திருகாணித் துளைகளுக்குள் பூச்சி அடை அடையாக இருந்தது. அது பழைய சாமான் கடையில் வாங்கிய கட்டில். பூனைகளுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

அதற்குப் பிறகு எங்கள் பிளாக்கில் யார் வீட்டில் கடி என்றாலும் என்னிடம் கேட்க வருகிறார்கள். அவர்கள் எப்படிச் சொல்லிக்கொண்டு வருகிறார்களோ அந்த வரிசையிலேயே எழுதுகிறேன். மருந்து அடித்தபின் உங்கள் பூனை நடுங்குகிறது, எச்சில் வடிக்கிறது என்றால் மற்றதை விடுங்கள். "பூனைக்கு உதறல்" என்ற பகுதிக்கு நேரே போங்கள்.

"காலையில் எழுந்தால் தடிப்பு. பூனைப் பேன்தானே?"

இருக்கலாம். ஆனால் தடிப்பை மட்டும் பார்த்து யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. கணுக்காலிலும் முழங்காலுக்குக் கீழேயும் கடி, பகலில் சோபாவில் உட்கார்ந்தாலும் கடி என்றால் தெள்ளுப்பூச்சியை முதலில் சந்தேகிக்கலாம். இதைத்தான் நாம் பேன் என்கிறோம். கை, கழுத்து, தோள் என்று தூங்கும்போது போர்வைக்கு வெளியே இருக்கும் இடங்களில், சில நேரம் மூன்று நான்கு வரிசையாக இருந்தால் மூட்டைப்பூச்சியைத் தேடுங்கள்.

உறுதி செய்ய ஒரு சோதனை இருக்கிறது. நெருக்கமான பல் உள்ள பேன் சீப்பால் பூனையின் வால் அடியையும் கழுத்தையும் வாரி, விழுவதை ஈரமான வெள்ளை டிஷ்யூவில் தட்டுங்கள். கருப்புப் பொடி கரைந்து சிவப்பாக ஊறினால் அது தெள்ளுப்பூச்சியின் எச்சம். விலங்கு மருத்துவரிடம் பூனைக்கான மருந்து வாங்கிப் போட வேண்டியதுதான். சீப்பில் ஒன்றும் இல்லாமல், மெத்தையின் தையலில் பேனா மை தெறித்ததுபோல் புள்ளிகள் இருந்தால் அது மூட்டைப்பூச்சி.

பூச்சியே கையில் சிக்கினால் சந்தேகமே வேண்டாம். தெள்ளுப்பூச்சி பக்கவாட்டில் தட்டை, குதிக்கும். மூட்டைப்பூச்சி மேலிருந்து அமுக்கியதுபோல் தட்டை, குதிக்காது, பறக்காது. வளர்ந்தது ஆப்பிள் விதை அளவு, சுமார் 5 மில்லிமீட்டர். அதன் கால்கள் ரோமத்தைப் பற்றி வாழ ஏற்றவை அல்ல. மனிதர் இல்லாவிட்டால் பூனையையோ நாயையோ கடிக்கும். குடித்து முடித்ததும் இறங்கித் தன் இடுக்குக்குப் போய்விடும். பூனைக்குத் தெள்ளுப்பூச்சி மருந்து போட்டால் மூட்டைப்பூச்சி ஒழியாது என்பதற்கும் அதுதான் காரணம். குடியிருப்பது பூனைமேல் இல்லை, கட்டிலில்.

ஏர்கோன் திண்டில் புறா கூடு கட்டியிருந்தால் இன்னொன்றையும் பாருங்கள். குஞ்சுகள் பறந்துபோன பிறகு கூட்டில் இருக்கும் பறவைச் சிற்றுண்ணிகள் சன்னல் வழியாக உள்ளே வந்து கடிக்கும். ஊசிமுனை அளவுப் புள்ளி நகர்வதுபோல் தெரியும். காலிக் கூட்டை அப்புறப்படுத்தி இடத்தைக் கழுவினால் தீர்ந்துவிடும்.

"எனக்கு மட்டும் கடி, வீட்டுக்காரருக்கு ஒன்றும் இல்லை"

அவரையும் கடித்துக்கொண்டிருக்கலாம். சிலர் உடம்பு தடித்துக் காட்டாது, சிலருக்குத் தடிப்பு சில நாள் கழித்துத்தான் எழும்பும். அதனால் எந்த அறையில் தடிப்பு இருக்கிறதோ அந்த அறையில் மட்டும் தேடுவது தப்பு. வயதானவர்கள் படுக்கும் இடத்தைக் கட்டாயம் பாருங்கள். மாமியார் மெத்தையில்தான் எங்களுக்கு இரண்டாவது கூட்டம் கிடைத்தது. அவருக்கு ஒரு தடிப்புகூட இல்லை.

பயப்படாதீர்கள், மூட்டைப்பூச்சி கடித்து நோய் பரவியதாக நிரூபணம் இல்லை. சொறிந்து புண்ணாக்கிக்கொள்வதும் தூக்கம் கெடுவதும்தான் பெரிய தொல்லை.

"கடி இருக்கிறது, பூச்சி கண்ணில் படவில்லை"

பகலில் மெத்தையை நிமிர்த்திப் பார்த்துவிட்டு "ஒன்றும் இல்லை அக்கா" என்பார்கள். விடியற்காலை மூன்று நான்கு மணிக்கு டார்ச்சோடு பாருங்கள். நம் மூச்சுக்காற்றும் உடம்புச் சூடும் அதை வெளியே இழுக்கும். ஐந்து பத்து நிமிடம் குடித்துவிட்டு ஒளிந்துகொள்ளும்.

பகலில் தேடினால் பூச்சியை மட்டும் தேடாதீர்கள். கருப்புப் புள்ளி, உரித்துப் போட்ட வெளிர்பழுப்புத் தோல், அரிசிக் குருணை போல ஒட்டிய வெள்ளை முட்டை, இவைதான் தடயம். பழைய பிளாஸ்டிக் அட்டை ஒன்றை எடுத்து ஒவ்வொரு இடுக்கிலும் விட்டு இழுங்கள். மெத்தை விளிம்புத் தையல், அதில் ஒட்டிய லேபிளின் அடி, கட்டில் மூட்டுகள், திருகாணித் துளைகள், பிளைவுட் பலகை பிளந்த இடம், சோபாவின் அடியில் அடித்திருக்கும் கருப்புத் துணி, திரைச்சீலையின் மேல் மடிப்பு, சுவிட்ச் பெட்டியின் வெளி ஓரம். நம் வீடுகளில் பலர் மறப்பது சாமி படங்களின் பின்புறத்தையும் சுவர்க் கடிகாரத்தையும்தான். கட்டிலுக்கு மேல் மாட்டியிருந்தால் இறக்கிப் பாருங்கள்.

பூனை வீட்டில் தேட வேண்டிய இடங்கள் கூடுதல். பூனை மெத்தையின் ஜிப் ஓரம், தூக்கிப் போகும் கூடையின் பிளாஸ்டிக் மூட்டு, நகம் கீறும் கம்பத்தில் சுற்றிய கயிறு, பிரம்புத் தொட்டில். பூனை ஆசைப்பட்டுப் படுக்கும் அட்டைப் பெட்டிகளின் மடிப்பு இடுக்கு மூட்டைப்பூச்சிக்கு மிகவும் பிடித்த வீடு. பெட்டிகளையும் கீறும் அட்டைகளையும் பையில் கட்டி வெளியே போட்டுவிடுங்கள், புதிது வாங்கிக்கொள்ளலாம். கூடையைச் சோதிக்காமல் பூனையை இன்னொரு வீட்டுக்குக் கொண்டு போகாதீர்கள். நான் அப்படிக் கொண்டு போனதை நினைத்தால் இன்றும் மனம் உறுத்துகிறது. நாத்தனார் வீட்டில் பரவாமல் போனது எங்கள் அதிர்ஷ்டம்.

"ஸ்ப்ரே அடித்தேன், இரண்டு நாள் நின்றது, மறுபடி ஆரம்பம்"

அதிகம் பேர் இந்தக் கட்டத்தில்தான் வருகிறார்கள். மறுபடியும் அடிக்காதீர்கள். முதலில் காரணம் தெரிய வேண்டும்.

நம் நாட்டில் பரவலாக இருப்பது வெப்பமண்டல மூட்டைப்பூச்சி, அறிவியல் பெயர் சைமெக்ஸ் ஹெமிப்டரஸ். கடையில் கிடைக்கும் பெரும்பாலான டின்களில் இருப்பது பைரெத்ராய்டு வகை மருந்து: பெர்மெத்ரின், சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் என்று லேபிளில் போட்டிருக்கும். இந்த வகைக்கு நம் பூச்சி பழகிவிட்டது. நரம்பில் மருந்து போய் ஒட்டும் இடமே மாறியிருக்கிறது, மேல்தோல் தடித்திருக்கிறது, உள்ளே போன மருந்தைச் சிதைக்கவும் தெரிந்திருக்கிறது. பினாங்கிலேயே மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பூச்சியியலாளர்கள் இதை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து வந்திருக்கிறார்கள். இது புதுக்கதையும் இல்லை. டிடிடி மருந்து வந்த சில ஆண்டுகளிலேயே, 1947இல் ஹவாயில், அதற்குச் சாகாத மூட்டைப்பூச்சிகளைக் கண்டார்கள்.

இரண்டாவது காரணம் முட்டை. நேரடியாகப் பட்ட பூச்சி செத்தாலும் இடுக்கில் ஒட்டிய முட்டை பிழைத்துக்கொள்ளும். நம் வெயிலில் ஆறிலிருந்து பத்து நாளுக்குள் பொரியும். குஞ்சு ஐந்து தடவை தோல் உரிக்க வேண்டும், ஒவ்வொரு தடவைக்கும் ஒரு வயிறு ரத்தம் வேண்டும். ஒரு தடவை வேலை செய்து ஓய்ந்தால் ஒரு மாதத்தில் அடுத்த தலைமுறை முட்டையிடத் தயாராகிவிடும்.

மூன்றாவது, வாசனை பட்டுச் சிதறிய பூச்சி பக்கத்து அறைக்குப் போயிருக்கும். அறை முழுவதும் புகை கக்கும் டின் வகை இதில் மோசம். புகை இடுக்குக்குள் போகாது, தரையில் படிந்துவிடும். அந்தத் தரையில் நடந்து பாதத்தை நக்குவது பூனை.

அதனால் எங்கள் வீட்டில் முதல் ஆயுதம் சூடுதான். 50 டிகிரி செல்சியஸ் பட்டால் பூச்சி தாங்காது, முட்டைக்கு இன்னும் ஐந்தாறு டிகிரி வேண்டும். சிறு வயதில் தோட்டத்து லயத்தில் பாட்டி மாதம் ஒரு முறை பலகைக் கட்டிலை முற்றத்துக்கு இழுத்துப்போட்டுக் கொதிநீர் ஊற்றுவார். அந்தக் கணக்கு சரியானது. இன்று நான் அதையே கையடக்க நீராவிக் கருவியால் செய்கிறேன். முதலில் தூசி உறிஞ்சியின் ஒல்லி மூக்கால் இடுக்கெல்லாம் உறிஞ்சி, உள்ளே இருக்கும் பையை உடனே கட்டிக் குப்பைத் தொட்டிக்கு அனுப்ப வேண்டும். பிறகு நீராவி. ஒரு அடி தூரம் நகர்த்த பத்துப் பதினைந்து விநாடி எடுத்துக்கொள்ளுங்கள், அவசரப்பட்டால் சூடு உள்ளே இறங்காது. நீராவி வேகமாக அடித்தால் பூச்சி தெறித்துச் சிதறும், அகலமான முனையில் துணி சுற்றிக்கொள்ளுங்கள். சுவிட்ச் பெட்டி, மின்சாதனம் பக்கம் போகவே வேண்டாம். பூனையை அந்த நேரம் வேறு அறையில் பூட்டி வையுங்கள். இதை ஏழெட்டு நாளுக்கு ஒரு முறை, குறைந்தது நான்கு தடவை செய்ய வேண்டும். அலுப்பான வேலைதான், ஆனால் பூனையின் பாதத்தில் ஒட்ட இதில் ஒன்றும் இல்லை.

மெத்தைக்கு ஜிப் வைத்த முழு உறை போட்டால் உள்ளே மாட்டியது அங்கேயே பட்டினி கிடந்து சாகும். ஒரு வருடம் கழற்றக் கூடாது. பூனை நகம் பட்டு ஒரு சிறு ஓட்டை விழுந்தாலும் உறை வீண். மேலே தடித்த விரிப்பு ஒன்று எப்போதும் இருக்கட்டும்.

டயாட்டம் மண் என்ற வெள்ளைப் பொடியைச் சிலர் வாங்கி மெத்தைமேல் கொட்டுகிறார்கள். அது பூச்சியின் மேல்தோலைக் கெடுத்து ஈரத்தை வற்றச் செய்து கொல்வது. நம் ஊர் ஈரக் காற்றில் மெதுவாகத்தான் வேலை செய்யும். பறந்தால் நமக்கும் பூனைக்கும் நுரையீரலில் போகும். கட்டில் மூட்டு, சுவர் விரிசல் போன்ற மூடிய இடத்தில் தூரிகையால் மெல்லிசாகத் தடவுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நீச்சல்குளத்துக்கு விற்கும் வகை வேறு, அதை வாங்காதீர்கள்.

"மருந்து அடித்த பிறகு பூனைக்கு உதறல்"

காது, முகம் துடிப்பது, எச்சில் வடிவது, தள்ளாடுவது, வலிப்பு. பெர்மெத்ரின் பட்ட பூனைக்கு இவை வரும். அந்த மருந்தை உடைத்து வெளியேற்ற வேண்டிய நொதி பூனையின் கல்லீரலில் மிகக் குறைவு. நாய் தாங்கும் அளவு பூனையைக் கொன்றுவிடும்.

காத்திருக்காதீர்கள். விலங்கு மருத்துவமனைக்குப் போன் செய்து "பூனைக்குப் பெர்மெத்ரின் பட்டிருக்கிறது" என்று சொல்லுங்கள். வலிப்பு இல்லாமல் நினைவோடு இருந்தால் வெதுவெதுப்பான நீரிலும் பாத்திரம் கழுவும் திரவத்திலும் உடம்பைக் கழுவித் துடைத்து, துணியில் சுற்றிச் சூடு குறையாமல் கொண்டு போங்கள். நக்க விடாதீர்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், பால் ஊற்றாதீர்கள். மருந்து டின்னைக் கையோடு எடுத்துப் போங்கள். வலிப்பு வந்திருந்தால் கழுவ நிற்காமல் நேரே கிளம்புங்கள்.

இதில் பெரிய ஆபத்து டின் ஸ்ப்ரேகூட இல்லை. நாய்க்குக் கழுத்தில் விடும் சில சொட்டு மருந்துகளில் பெர்மெத்ரின் 40 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும். "நாய் மருந்துதானே, கொஞ்சமா விட்டா என்ன" என்று பூனைக்கு விடுவதால்தான் உயிர் போகிறது. நாயும் பூனையும் ஒன்றாகப் படுக்கும் வீட்டில் நாய்க்கும் அந்த மருந்து வேண்டாம்.

"கற்பூரம், அந்துருண்டை, மண்ணெண்ணெய் வைத்துப் பார்க்கலாமா?"

வேண்டாம். அந்துருண்டையும் கற்பூரமும் நாய் பூனைக்கு விஷம்; உருண்டையைக் காலால் தட்டி விளையாடி வாயில் போட்டுக்கொள்ளும். டீ ட்ரீ எண்ணெய், யூகலிப்டஸ் தைலம் பூனைக்கு ஆகாது. மண்ணெண்ணெயும் ஸ்பிரிட்டும் தீப்பிடிக்கும், பிளாட்டில் தீப்பிடித்தால் மேல்மாடிக்காரர்களுக்கும் ஆபத்து. இவை எதுவும் இடுக்கில் இருக்கும் முட்டையை ஒழிக்காது.

"துணியெல்லாம் துவைத்தாயிற்று, ஆனாலும் போகவில்லை"

சோப்புக்குச் சாகாது, சூட்டுக்குத்தான் சாகும். வீட்டு மெஷினில் பச்சைத் தண்ணீரில் துவைத்து மாடத்தில் காயப்போட்டால் முட்டை பிழைத்துக்கொள்ளும். தானியங்கி டோபிக் கடையில் உலர்த்தும் மெஷின்தான் உங்களுக்கு வேண்டியது. காய்ந்த துணியை அப்படியே அதிகச் சூட்டில் 30 நிமிடம் ஓட்டுங்கள். ஈரத்துணி என்றால் காய்ந்த பிறகு 30 நிமிடம். வீட்டிலேயே பையில் இறுக்கிக் கட்டி எடுத்துப் போய், கடையில் பிரித்து நேரே மெஷினில் போட்டு, அந்தப் பையை அங்கேயே வீசிவிட்டுப் புதுப் பையில் கொண்டு வாருங்கள்.

பூனை நாய்த் துணியைப் போடக் கூடாது என்று பல டோபிக் கடைகளில் அறிவிப்பு இருக்கும். அதை மதியுங்கள், நாய் படுத்த துணி பட்ட மெஷினில் சமயக் காரணத்தால் தம் துணியைப் போட முடியாதவர்களும் அங்கே வருவார்கள். செல்லங்களின் விரிப்பை வீட்டிலேயே பெரிய பாத்திரத்தில், 60 டிகிரிக்கு மேல் சுட்ட நீரில் அரை மணி நேரம் ஊற வையுங்கள். நீர் ஆறினால் மறுபடி சுடுநீர் ஊற்றுங்கள். சூடு தாங்காத பொம்மை, கழுத்துப்பட்டையை உறைபெட்டியில், மைனஸ் 18 டிகிரி உறைகுளிரில் நான்கு முழு நாள் வைக்கலாம். கருப்புப் பையில் கட்டி வெயிலில் வைப்பதை நம்பாதீர்கள், நடுவில் இருக்கும் துணிக்குச் சூடு போகாது.

"கட்டில் காலுக்குக் கிண்ணம் வைத்தேன், அதையும் தாண்டுகிறது"

வழவழப்பான கிண்ணத்தில் விழுந்தால் ஏற முடியாது என்று இணையத்தில் படித்திருப்பீர்கள். குளிர்நாட்டு மூட்டைப்பூச்சிக்கு அது சரி. நம் வெப்பமண்டல வகையின் கால் முனையில் ஒட்டும் மயிர்த்திண்டு கூடுதல். வழவழப்பான சுவரில் ஏறிவிடும். மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் இதில் பங்கெடுத்து 2017இல் ஆய்வாக வெளியிட்டார்கள். உள்சுவரில் முகப்பவுடர் போன்ற மெல்லிய பொடி பூசி வாராவாரம் புதுப்பித்தால் கொஞ்சம் பிடிக்கும். கிண்ணத்தைக் கண்காணிக்கும் கருவியாக மட்டும் நினையுங்கள். கட்டில் சுவரைத் தொடக் கூடாது, விரிப்பு தரையில் தொங்கக் கூடாது. பூனை கிண்ணத்தைக் கவிழ்க்காமல் கட்டில் காலை அதற்குள் நன்றாக இருத்துங்கள்.

"பயந்து ஹாலுக்குப் போய்ப் படுத்தோம், இப்போது சோபாவிலும்"

மறுபடி அறைக்கே போய்விடுங்கள். நீங்கள் போகும் இடத்துக்கு அதுவும் வரும். காலி அறையில் பட்டினி போட்டுக் கொல்லலாம் என்றால் அது மாதக்கணக்கில் தாங்கும், நடுவில் பூனை போய்ப் படுத்தால் அதன் ரத்தமே போதும்.

"இனி முடியாது, ஆளைக் கூப்பிடப் போகிறேன்"

நிறைய அறைகளில் பரவிவிட்டால் பூச்சி ஒழிப்பு ஆளைக் கூப்பிடத்தான் வேண்டும். தயங்க வேண்டாம், ஆனால் கேள்வி கேளுங்கள். 1974ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் பூச்சிக்கொல்லி வாரியத்தின் உரிமம் இருக்கிறதா? அடிக்கப்போகும் மருந்தின் பெயர் என்ன, டின்னில் வாரியத்தின் பதிவு எண் இருக்கிறதா? பைரெத்ராய்டு மட்டுமா, வேறு வகையும் சேர்ந்ததா? எத்தனை தடவை வருவார்கள்? சூடேற்றும் முறை உண்டா? எங்களுக்கு முதலில் வந்தவர் "பூனைக்கு ஒண்ணும் ஆகாது, நான் கேரண்டி" என்றார். மருந்தின் பெயரைக் கேட்டேன், சொல்லவில்லை. அனுப்பிவிட்டு வேறு ஆளைத் தேடினோம்.

பூனை, நாய், கிளி, முயல் எல்லாவற்றையும் சோதித்த கூடையில் வெளியேற்றுங்கள். மருந்து முழுதும் காய்ந்து, வீடு காற்றாடி, லேபிளில் போட்ட நேரமும் கடந்த பிறகுதான் திரும்ப வரலாம். உணவுக் கிண்ணம், மணல் தொட்டியை முன்பே எடுத்துவிடுங்கள். பைரெத்ராய்டு மீனுக்குக் கொடிய விஷம். தொட்டியை வேறு இடத்துக்கு மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். முடியாவிட்டால் காற்று பம்ப்பை நிறுத்தி ஈரத்துணியால் இறுக்கி மூடி, வேலை முடிந்ததும் காற்றோட்டம் விட்டுப் பம்ப்பைப் போடுங்கள்.

"ஆறு வாரம் நன்றாக இருந்தது, மறுபடி ஒரு கடி"

முதலில் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள். சுவர் விரிசல், குழாய்த் துளை வழியாக அது வீட்டுக்கு வீடு நடக்கும். வெட்கப்பட ஒன்றும் இல்லை, சுத்தமான வீட்டிலும் வரும். எங்கள் மாடியில் மூன்று வீடும் ஒரே வாரத்தில் வேலை செய்த பிறகுதான் நின்றது.

பிறகு உள்ளே வந்த சாமான்களை நினைத்துப் பாருங்கள். பண்டல் கடையில் வாங்கிய பழைய துணி, விரைவுப் பேருந்தின் அடியில் போட்ட பை, பூனையை விடுதியில் விட்டெடுத்த கூடை, யாரோ லிஃப்ட் பக்கம் வைத்துவிட்டுப் போன நாற்காலி. துணியும் பையும் உலர்த்தும் மெஷினுக்கு, கூடையும் மரச்சாமானும் நீராவிக்கு. நாத்தனார் வீட்டு நாய் மரப்பலகை மேடையில் படுக்கும். அதன் இடுக்கையும் மாதம் ஒரு முறை அட்டையால் இழுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

எட்டு வாரம் கிண்ணத்தில் பூச்சி இல்லை, புதிதாகக் கருப்புப் புள்ளி இல்லை, கடி இல்லை என்றால் கட்டிலை மறுபடி சுவரோடு சேர்த்துப் போடலாம், பூனைக்குப் புது அட்டைப் பெட்டியும் கொடுக்கலாம். மெத்தை உறை மட்டும் வருடம் முடியும்வரை இருக்கட்டும்.